டிகாக்ஷன் நிறத்தில் ஒரு கிணறு

சூளகிரி,
5.11.2025

அன்புள்ள சுவேதாவுக்கு,

அண்ணி தர்ஷினி எழுதுவது. பார்சலைப் பிரித்து ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரு கடிதத்தையும் பார்த்ததும், இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று நினைத்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. ஸ்கூலில் எழுதிய லீவ் லெட்டருக்கு அப்புறம் நான் எழுதும் முதல் கடிதம் இது. தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்.

போனில் பேசலாமே என்று கேட்பாய். என் போன் பெயருக்குத்தான் என்னுடையது. நம் ரோஜாவை வாங்குகிறவர்கள் வாட்ஸ்அப் குரூப், மருந்துக் கடை குரூப் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நாள் முழுக்க உன் அண்ணன் கையில்தான் அது கிடக்கிறது. உன் பெயர் அதில் வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். பொங்கலுக்கு நடந்தது போதும்.

அந்தக் கதையை நான் கிளற வரவில்லை. ஏரியில் நுரை பொங்கியபோது ஊர் முழுக்க மலையடிவாரத்துப் பெயின்ட் கம்பெனியைத்தான் சொன்னது. நீ சோதித்துப் பார்த்துவிட்டு, அது துணி சோப்பு, நம் வீடுகளிலிருந்துதான் போகிறது என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொன்னாய். நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும். அன்றைக்கு உன் அண்ணனை ஊரே 'கம்பெனி ஆளு' என்று கிண்டல் செய்தது. அவர் வீட்டுக்கு வந்து, இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்றார். நீயும் பதிலுக்கு வாய் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாய். நடுவில் நின்று வேடிக்கை பார்த்தவள் நான். அதற்கு என்மேல் உனக்குக் கோபம் இருந்தால் நியாயம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. தீபாவளிக்கு அப்புறம் ஆரம்பித்தது. முதலில் லைட் டீ மாதிரி இருந்தது, இப்போது நல்ல டிகாக்ஷன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எவனோ கெணத்துல காப்பித்தூள மூட்டையோட கொட்டிட்டான்" என்றார்கள். நாங்களும் பக்கத்துத் தோட்டத்துத் திம்மப்பன் மாமா வீட்டாரும் அதைத்தான் குடிக்கிறோம், மாடும் அதைத்தான் குடிக்கிறது. லைட் டீயாக இருந்தவரைக்கும் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நினைத்து நானும் குடித்தேன்.

அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு இது ஏழாம் மாதம். போன தடவை நான்காம் மாதத்தில் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். ஏன் அப்படி ஆயிற்று என்று டாக்டரிடம் கேட்டேன், காரணம் எதுவும் இல்லை என்றார். காரணம் இல்லை என்று சொன்னால் மனசு சும்மா இருக்குமா? பார்ப்பதிலெல்லாம் காரணத்தைத் தேடுகிறது. இப்போது தண்ணீரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. உன் அண்ணனிடம் கேட்டால் கம்பெனிதான் என்கிறார். கம்பெனி என்றால் தண்ணீரில் என்ன கலந்திருக்கும் என்று கேட்டால் கத்துகிறார். பயத்தில் கத்துகிறார், அது எனக்குப் புரியாமல் இல்லை.

நீ உன் மெஷினில் வைத்துப் பார்த்துச் சொல். நல்லதோ கெட்டதோ, எனக்கென்று பார்த்து எதையும் மறைக்காதே. பதிலை ராஜலட்சுமி அக்காவின் தையல் கடை விலாசம் எழுதிப் பஸ்ஸிலேயே கொடுத்தனுப்பு. அவர்தான் இந்தப் பார்சலையும் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார். என்னைத் திட்ட வேண்டுமென்றால் அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம், இந்தத் தடவை தண்ணீரை மட்டும் பார்.

அன்புடன்,
தர்ஷினி


கோயம்புத்தூர்,
8.11.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. உங்கள்மேல் கோபம் இல்லை. ஒரே ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நீங்கள் உண்டாகியிருப்பதை அம்மா திம்மப்பன் மாமா போனிலிருந்து பேசும்போது போகிறபோக்கில் சொன்னாள். நீங்கள் சொல்லவில்லை. பத்து மாதம் கழித்து வீட்டிலிருந்து வந்த முதல் பார்சலில் நம் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. அதைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நான் என்ன படிக்கிறேன் என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. மண்ணைப் பற்றிப் படிக்கிறாள் என்று அண்ணன் ஊரில் சொல்லிவைத்திருக்கிறார். பாதி சரி. இலை, தழை, வேர் எல்லாம் மக்கி மக்கிக் கடைசியில் ஒரு கறுப்புப் பொருளாக மண்ணில் தங்கும். மட்கு என்போம், எங்கள் ஆட்கள் ஹியூமிக் என்பார்கள். அது தண்ணீரில் கரைந்தால் இப்படித்தான் பழுப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை அதன்மேல் பாய்ச்சினால் அதை வாங்கிக்கொண்டு, நீலமாகவோ பச்சை கலந்த நீலமாகவோ ஓர் ஒளியைத் திருப்பிக் கொடுக்கும். புதிதாக ஊறியது என்றால் ஊதாவை ஒட்டிய நீலம். பல வருடம் மக்கியது என்றால் அதன் உள்ளமைப்பு மாறிவிடும், ஒளி பச்சைப் பக்கம் நகரும். என் மெஷின் எந்த ஒளியைக் கொடுத்தால் எந்த ஒளி வருகிறது என்று மலைப் படம் போல ஒரு வரைபடம் போட்டுக் காட்டும். சிகரம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, இது எங்கிருந்து வந்தது, எவ்வளவு பழசு என்று ஊகிப்பதுதான் என் வேலை.

உங்கள் தண்ணீரில் சிகரம் பச்சைப் பக்கம் நன்றாகத் தள்ளி நிற்கிறது. மிகப் பழைய சரக்கு. ஏரி வண்டல் இப்படி இருக்கும், அல்லது வருடக்கணக்காகக் கிடக்கும் குப்பை மேட்டிலிருந்து கசியும் நீர் இப்படி இருக்கும். நம் கிணற்றோரம் வண்டல் இல்லை. கம்பெனியின் பின்சுவரை ஒட்டி அவர்கள் குப்பை கொட்டும் பள்ளம் இருக்கிறதே, அதுவாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் எழுதுகிறேன்.

தயவுசெய்து அந்தத் தண்ணீரை இனி குடிக்க வேண்டாம். கேன் தண்ணீர் வாங்குங்கள். ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் இருக்கின்றனவா என்று என் மெஷினுக்குத் தெரியாது. அதற்குப் பக்கத்துத் துறையில் வேறு மெஷின் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீரை அங்கே கொடுத்திருக்கிறேன், முடிவு வர ஒரு வாரம் ஆகும். அதுவரை இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அண்ணனுக்கு என்மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறதா?

அன்புடன்,
சுவேதா


சூளகிரி,
11.11.2025

அன்புள்ள சுவேதாவுக்கு,

சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாய்தான். வயிற்றில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு நெஞ்சில் இதையும் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ரோஜா கட்டிக்கொண்டிருந்த உன் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உனக்குப் பாட்டில் அனுப்பியது உட்பட.

திட்டுவார் என்று பார்த்தால், "அவளே சொன்னாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று திம்மப்பன் மாமா வந்து சொன்னார். "எந்தங்கச்சி மெசின்ல வெச்சுப் பாத்துச் சொல்லிட்டா. கம்பெனிக் குப்பதான்" என்றாராம். பொங்கலுக்குச் சிரித்தவர்கள் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னாராம்.

வருகிற திங்கட்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறார்கள். டிராக்டர், டெம்போ எல்லாம் பேசியாகிவிட்டது. உன் அண்ணன்தான் முன்னால் நிற்கிறார். போகும் வழியில் கம்பெனி கேட் முன்னால் கொஞ்ச நேரம் உட்காரவும் போகிறார்கள். நேற்று சாப்பிடும்போது அவராகவே சொன்னார்: "திங்கக்கெழம மனு குடுத்துட்டு வந்து அவளுக்கு நானே போன் பண்றேன்." நீ பிறந்த வீட்டில் உன் பேச்சை அவர் வாயால் எடுத்து எத்தனை மாதம் ஆயிற்று? உன் அம்மா அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவருக்கு நிம்மதி. எனக்குத்தான் இல்லை. குப்பைத் தண்ணீரையா இத்தனை நாள் குடித்தேன் என்று நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. பிள்ளை உதைத்தால் ஏன் உதைக்கிறது என்று பயம், உதைக்காவிட்டால் அதற்கு ஒரு பயம். உலோகம் என்று எழுதியிருந்தாயே, அந்த முடிவை எப்படியாவது சீக்கிரம் வாங்கு.

அன்புடன்,
தர்ஷினி


கோயம்புத்தூர்,
13.11.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்து படியுங்கள். கெட்ட செய்தி இல்லை. ஆனால் நான் சொன்னது தப்பு.

என் வரைபடத்தை நேற்று எங்கள் லேபில் இளம்பரிதியிடம் காட்டினேன். எனக்கு ஒரு வருடம் சீனியர். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்தாயா என்று கேட்டார். முதல் வருட மாணவியைக் கேட்கும் கேள்வி. கறுத்த தண்ணீரை அப்படியே மெஷினில் வைக்கக் கூடாது. விளக்கின் ஒளி உள்ளே போவதற்குள் அந்தக் கறுப்பே அதை விழுங்கிவிடும். உள்ளேயிருந்து வரும் நீல ஒளியையும் பாதி விழுங்கிவிடும். விழுங்க முடியாத பச்சைப் பக்கம் மட்டும் வெளியே வரும். பார்ப்பவருக்கு இது ஏதோ பழைய சரக்கு என்று தோன்றும். கிட்டத்தட்ட நிறமே தெரியாத அளவுக்குச் சுத்தமான நீர் ஊற்றி நீர்க்க வைத்த பிறகுதான் அளக்க வேண்டும். மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான். வீட்டுப் பாட்டிலைப் பார்த்ததும் கைக்கு அவசரம் வந்துவிட்டது.

நீர்க்க வைத்து மறுபடி அளந்தேன். சிகரம் நீலத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில், முன்பு இல்லாத இன்னொரு சிகரமும் எழுந்து நிற்கிறது. துவர்ப்புச் சத்து உள்ள மரப்பொருள், பட்டை, நார் இவற்றை ஊறவைத்தால் வருவது அது. இது பழைய குப்பை இல்லை அண்ணி. இளசு. சில வாரங்களுக்குள் ஏதோ ஒரு செடிப் பொருள் நிறைய ஊறி, அந்தத் தண்ணீர் கிணற்றில் இறங்கியிருக்கிறது.

அண்ணன் எனக்கு போன் செய்யப்போவதாக நீங்கள் எழுதிய கடிதம் இது தெரிந்த அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. இந்தப் புது வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

கிணற்றுப் பக்கம் மரத்தூள், பட்டை, கரும்புச் சக்கை, எதையாவது யாராவது ஊறப்போட்டார்களா? தெரிந்தால் அந்தத் தண்ணீர் ஒரு பாட்டில், கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், கம்பெனி வாய்க்கால் தண்ணீர் ஒரு பாட்டில் அனுப்புங்கள். பாட்டிலைச் சோப்புப் பவுடர் போட்டுக் கழுவ வேண்டாம், துணியை வெளுப்பாகக் காட்ட அதில் போடும் சாயமும் ஒளிரும். ஏரி நுரையைச் சோப்பு என்று காட்டிக்கொடுத்ததும் அந்தச் சாயம்தான், அதனிடம் பட்டது போதும். பிடிக்கிற தண்ணீரிலேயே அலசுங்கள், வெளிச்சம் படாமல் சமையல் ஃபாயிலைச் சுற்றுங்கள்.

அண்ணனிடம் இப்போது சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

சுவேதா


சூளகிரி,
14.11.2025

சுவேதா,

என்ன விளையாடுகிறாயா? மூன்று நாளாகக் குப்பை குப்பை என்று நினைத்து நான் பாதியாகிவிட்டேன். இப்போது வந்து தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன் என்கிறாய். ரசத்துக்கு உப்புப் போட மறந்ததுபோலச் சொல்கிறாயே. அண்ணனிடம் சொல்வதை என்னிடம் விட்டுவிடுகிறாயாம். உன் படிப்புக்கு மட்டும் நீ, உன் அண்ணனுக்கு மட்டும் நானா?

அவ்வளவுதான், திட்டி முடித்துவிட்டேன். இனி விஷயம்.

உன் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ரோஜா பாலிஹவுஸின் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். செடிப் பொருள், நார், ஊறவைத்தது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தால், எதிரில் சிமென்ட் தொட்டி. அதில் கோகோ பீட், அதுதான் தேங்காய் நார்த் தூள், ஊறிக்கொண்டிருக்கிறது.

உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்த மாற்றம் இது. மண்ணில் புழு விழுந்து ரோஜா வேர் முடிச்சு முடிச்சாகிவிட்டது. இனி மண்ணே வேண்டாம் என்று உன் அண்ணன் பாதி பாலிஹவுஸைத் தொட்டிச் செடியாக மாற்றிவிட்டார். மண்ணுக்குப் பதில் தேங்காய் மஞ்சித் தூள், கட்டி கட்டியாக லாரியில் வந்து இறங்கியது. அதில் உப்பு இருக்குமாம், ஊறவைத்து மூன்று நான்கு தண்ணீர் கழுவினால்தான் செடி பிழைக்குமாம். தீபாவளிக்கு முன்னாலிருந்து அந்த வேலைதான் நடக்கிறது. கழுவிய தண்ணீரை ரோட்டில் விட அவருக்கு மனசு வரவில்லை. பாலிஹவுஸ் கூரையின் மழைத் தண்ணீர் இறங்கக் கிணற்றை ஒட்டி ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறார் அல்லவா, அதற்குள் குழாய் போட்டு விட்டுவிட்டார். ஒரு சொட்டு வீணாகாது, திரும்பக் கிணற்றுக்கே வந்துவிடும் என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல யோசனை என்று நானும் தலையை ஆட்டினேன். வந்துவிட்டது பார், திரும்பக் கிணற்றுக்கே.

ஒரு வெள்ளை டம்ளரில் தொட்டித் தண்ணீரையும் இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஆனால் நீயே கண்ணை நம்பாதவள், உன் மெஷின் சொல்லட்டும். மூன்று பாட்டிலும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. கம்பெனி வாய்க்கால் தண்ணீரை நானே போய்ப் பிடித்தேன், ராஜலட்சுமி அக்கா ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு போனார். வடக்கத்தி வாட்ச்மேன் ஒருவர் ஓடி வந்தார். என் வயிற்றைப் பார்த்ததும் என்ன நினைத்தாரோ, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் சேர் கொண்டுவந்து போட்டார். நான் சேரில் உட்கார்ந்திருக்க, அக்கா இறங்கிப் பாட்டிலை நிரப்பினார்.

உன் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். தொட்டித் தண்ணீராக இருக்குமோ என்று ஆரம்பித்ததுமே, "திங்கக்கெழம வரைக்கும் வேற பேச்சு எடுக்காத" என்று எழுந்து போய்விட்டார். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, டிராக்டர் பேசியாகிவிட்டது. அவருக்கு இப்போது காது கிடையாது.

இது உன் வேலை சுவேதா. நீதான் குப்பை என்று சொன்னாய். இல்லை என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை டிராக்டர் கிளம்புவதற்குள் உன் கடிதம் என் கையில் இருக்க வேண்டும்.

தர்ஷினி


கோயம்புத்தூர்,
16.11.2025

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை அண்ணனிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் இந்த முதல் பத்தியை நீங்கள் மட்டும் படியுங்கள். உலோகச் சோதனை முடிவு வந்துவிட்டது. ஈயம் இல்லை, குரோமியம் இல்லை, காட்மியம் இல்லை, பயப்பட வேண்டிய எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் அந்தத் துறை அக்காவைத் தொந்தரவு செய்து வாங்கினேன். நீங்கள் குடித்தது தேங்காய் நார் ஊறிய தண்ணீர். அடுத்த ஸ்கேனில் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். முடிவைப் படித்துவிட்டு நான் லேப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இனி அண்ணனுக்கு.

அண்ணா, மூன்று பாட்டிலையும் நீர்க்க வைத்து அளந்தேன். இளம்பரிதியைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு அளந்தேன், இந்தத் தடவை தவறவிடக் கூடாது என்று. கிணற்றின் வரைபடத்தையும் தொட்டியின் வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் சிகரத்துக்குச் சிகரம் பொருந்துகிறது. கிணற்றில் கொஞ்சம் வலு குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். கம்பெனி வாய்க்கால் அதோடு சேரவே இல்லை. கம்பெனி நல்ல கம்பெனி என்று நான் சொல்லவில்லை. இந்தக் கிணற்றைக் கெடுத்தது அது இல்லை என்று மட்டும்தான் சொல்கிறேன். வாய்க்கால் தண்ணீரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அனுப்புங்கள், பார்த்துக்கொண்டே இருப்போம்.

குழாயை இன்றைக்கே குழியிலிருந்து எடுத்துவிடுங்கள். கழுவிய தண்ணீரைத் தார்ப்பாய் விரித்த பள்ளத்தில் தேக்கித் தென்னைக்கு விடலாம். கிணற்றைச் சில நாள் நன்றாக இறைத்து வெளியே விடுங்கள். நிறம் போகும்வரை குடிக்க வேண்டாம். குழாய் நின்றால் நிறமும் போய்விடும்.

குப்பை என்று முதலில் எழுதியது நான்தான். நீங்கள் அதை நம்பி ஊரில் சொன்னீர்கள். இப்போது என்னால் உங்களுக்கு இரண்டாம் தடவையும் தலைக்குனிவு. மறுபடியும் கம்பெனிக்குப் பேசுகிறாள் என்று சொல்வார்கள். நீங்கள் போன் செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். பரவாயில்லை என்பது பொய். ஆனாலும் இல்லாத ஒன்றை இருக்கிறதென்று சொல்லி அந்த போனை வாங்க எனக்கு வேண்டாம் அண்ணா.

சுவேதா


சூளகிரி,
18.11.2025

என் அன்பு சுவேதாவுக்கு,

நேற்று ராத்திரி தூங்கினேன். தீபாவளிக்கு அப்புறம் முதல் தடவையாக, காலையில் உன் அம்மா எழுப்பும் வரைக்கும் தூங்கினேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

நேற்று விடிந்ததும் ராஜலட்சுமி அக்கா ஸ்கூட்டியில் வந்து கடிதத்தைக் கொடுத்தார். முதல் பத்தியை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று படித்தேன். ஈயம் இல்லை என்ற இடத்திலேயே அப்படியே தவிட்டு மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, உனக்கு ஒன்றுமில்லையாம்டா, ஒன்றுமில்லையாம் என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

அப்புறம் உன் அண்ணனைத் தேடிப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராகப் பாலிஹவுஸ் வாசலில் நின்றார். வெளியே டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. உங்கள் தங்கச்சி எழுதியிருக்கிறாள், படித்துவிட்டுப் போங்கள் என்றேன். பிறகு பார்க்கிறேன் என்றார். இல்லை, இப்போதே என்று வழியை மறித்து நின்றேன். ஏழு மாத வயிற்றைத் தள்ளிவிட்டு யார் போக முடியும்?

நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு போய்த் தொட்டியில் கையை விட்டு ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்தார், கீழே ஊற்றினார். குழியில் கிடந்த குழாயை இழுத்து வெளியே எறிந்தார். சட்டை முழுக்கப் பழுப்பாகிவிட்டது. அதே சட்டையோடு டிராக்டர் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"யாரும் கெளம்ப வேண்டாம். கெணத்தக் கெடுத்தது நான்தான். மஞ்சி கழுவுன தண்ணிய நான்தான் உள்ள உட்டேன்" என்றார். பின்னாலிருந்து ஒருவன், மறுபடியும் உன் தங்கச்சி கம்பெனிக்குச் சாட்சி சொல்லிவிட்டாளா என்றான். உன் அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. "எந்தங்கச்சி மொதல்ல சொன்னது தப்பு. தப்புன்னு தெரிஞ்சதும் அவளே எழுதிட்டா. நம்பலன்னா வந்து என் தொட்டியப் பாரு" என்றார்.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். தொட்டியைப் பார்ப்பது, கிணற்றை எட்டிப் பார்ப்பது, திரும்பவும் தொட்டியைப் பார்ப்பது. கொஞ்ச நேரம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. முதலில் சிரித்தது திம்மப்பன் மாமாதான். "அடப் பாவி, நான் மாட்டையே வித்துப்புடலாம்னு தரகன வரச் சொல்லியிருந்தேன்டா" என்று உன் அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அடியா கொஞ்சலா என்று தெரியவில்லை. அதற்கப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைகள் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள், கவனித்தேன். தங்கள் கிணறும் கெட்டுப்போகுமோ என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது. டெம்போக்காரர் மட்டும் ஒரு லோடு போச்சே என்று முணுமுணுத்தார். அவரையும் உட்காரவைத்து உன் அம்மா டீ கொடுத்தார்கள். டீயின் நிறத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரிப்பு.

மனு கொடுப்பதை விடவில்லை. கம்பெனி வாய்க்கால் தண்ணீரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊர் முன்னால் சோதிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டு, அடுத்த திங்கட்கிழமை நான்கு பேர் பஸ்ஸில் போகிறார்கள். கிணற்றில் மோட்டார் நேற்றிலிருந்து ஓடுகிறது. இன்றைக்கு ஸ்கேனும் எடுத்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, எடைகூடச் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். தண்ணீர் விஷயத்தையும் கேட்டேன். டீயே குடிக்காதவள் போலப் பேசுகிறாயேம்மா என்றார்.

அடுத்த மாதம் வளைகாப்பு. நாத்தனார் கையால் முதல் வளையல் போட வேண்டும் என்று உன் அம்மா பிடிவாதமாக இருக்கிறார்கள். உன் அண்ணன் நேற்றிலிருந்தே உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் முன்னால் உன்னைத் தாங்கிப் பேசியவர் வீட்டுக்குள் வந்ததும் வாயை மூடிக்கொண்டார். வெட்கம், வேறொன்றும் இல்லை. பத்து மாதம் பேசாமல் இருந்துவிட்டு எந்த வார்த்தையிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை அவருக்கு.

இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து எட்டிப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார், உனக்கு என்றேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "வளகாப்புக்கு வர்றப்ப பஸ்ஸு மாறி மாறி வர வேணாம்னு எழுது. ஓசூருக்கு வந்து எறங்கட்டும், நானே வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிக்கறேன்" என்றார். எழுதப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "வேணாம், எழுதாத. நானே சொல்லிக்கறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மோட்டார் ரூம் பக்கம் போயிருக்கிறார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீங்கள் பேசி முடித்திருப்பீர்கள். ஒருவேளை நீ மெஷின் ரூமில் இருந்து போனை எடுக்காமல் விட்டிருந்தால், உடனே திரும்பக் கூப்பிடு. உன் அண்ணனை உனக்குத் தெரியும். ஒரு தடவை அடித்து எடுக்கவில்லை என்றால், மறுபடி அடிக்கிற ஆள் இல்லை.

அன்புடன்,
அண்ணி தர்ஷினி

பி.கு.: உள்ளே வந்துவிட்டார். நீ எடுக்கவில்லையாம். வேலையாக இருப்பாள் என்றேன். வாசலில் நின்று போனில் மணியைப் பார்த்தார். மறுபடியும் மோட்டார் ரூம் பக்கம் போயிருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், போன் காதில்தான் இருக்கிறது.